பாதித் திறப்பு

அவளுக்கு மூக்கின் மேல் கோபம் என்று அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களைப் பிடித்து அவளுடைய நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். தலைமயிரின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணாடி முனையை, மூச்சுவிட்டாலே நகர்ந்துவிடும் ஒரு செல்லின் மேல், முப்பத்தொரு வருஷம் வைத்து எடுக்கச் சொல்ல வேண்டும். அப்புறம் அவர்கள் மூக்கின் மேல் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

அவளை ‘ஊசி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர் யாரென்று தெரியாது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. ஊசி என்றால் குத்தும், குத்தினால் ஒதுங்குவார்கள், ஒதுங்கினால் நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்பது அவளுடைய கணக்கு.

வேலை இதுதான். மெல்லிய கண்ணாடிக் குழாயை நடுவில் சூடாக்கி இரண்டு பக்கமும் இழுத்தால் இரண்டு ஊசிகள் கிடைக்கும். ஒன்றை எடுத்து உப்புத் தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு வெள்ளிக் கம்பியை விட்டு, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருக்கும் செல்லின் சுவரைத் தொட வேண்டும். தொட்டதும், ஊசியோடு சேர்ந்த ரப்பர் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். கொஞ்சம் கூடினால் சுவர் கிழியும், கொஞ்சம் குறைந்தால் ஒட்டாது. சரியாக ஒட்டிவிட்டால், ஊசி முனைக்குள் சுவரின் ஒரு துளியூண்டு வட்டம் அகப்படும். அந்த வட்டத்துக்குள் ஒரே ஒரு அயனிக் கால்வாய் இருந்தால் அன்று நல்ல நாள்.

செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது. உப்பின் மின்னேற்றம் பெற்ற துகள்கள், அதாவது அயனிகள், அந்தக் கொழுப்பைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவை போய்வந்தால்தான் இதயம் துடிக்கும், விரல் மடங்கும், கோபம்கூட வரும். அதற்கு வழிவிட, சுவரில் ஆங்காங்கே புரதங்கள் நிற்கின்றன. அவைதான் அயனிக் கால்வாய்கள். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவற்றைச் சேனல் என்பார்கள். ஒருமுறை உறவுக்காரர் ஒருவரிடம் “சேனல்ல வேலை” என்று சொல்லப்போய், அவர் தன் பையனைச் செய்தி வாசிக்கச் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து “ஆஸ்பத்திரி மாதிரி ஒரு எடம்” என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

புத்தகங்களில் அதைக் கதவு என்று எழுதுகிறார்கள். அது அவளுக்குப் பிடிக்காது. கதவு என்றால் ஒரு பலகை ஆடும், மற்றதெல்லாம் சும்மா நிற்கும். இங்கே அப்படி இல்லை. நாலு பேர் வட்டமாக, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஈ நுழைய இடமில்லை. சுவரின் இரண்டு பக்கமும் மின்னழுத்தம் மாறும்போது நாலு பேருடைய தோளையும் அது பிடித்துத் தள்ளுகிறது. நாலு பேரும் இடுப்பை வளைத்து, காலை அகட்டுகிறார்கள். நடுவில் ஒரு வழி உண்டாகி அயனிகள் ஓடுகின்றன. ஆயிரத்தில் சில பங்கு நொடிதான். மறுபடி எல்லாரும் கால்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆளும் மாறவில்லை, இடமும் மாறவில்லை, உட்கார்ந்திருக்கும் விதம்தான் மாறியது.

இதை யாரும் நேரில் பார்ப்பதில்லை. ஊசியின் வழியே வரும் மின்சாரம்தான் திரையில் கோடாக ஓடும். மூடியிருந்தால் கோடு மேலே, திறந்தால் ஒரு படி கீழே. அவளுடைய சேனல், முப்பத்தொரு வருஷமும், மேலே இருந்தது அல்லது கீழே இருந்தது. நடுவில் நின்றதே கிடையாது.

நடுவில் நிற்கிறது என்று சொன்னவர் துறைத்தலைவர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் அவளுக்குச் சம்பந்தி.

ஒரு நாள் அவள் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தாள். மகள் அதை எடுத்துக்கொண்டு வந்தாள். அதே நேரம், துறைத்தலைவரின் மகன் அப்பாவின் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்திருந்தான். எட்டு மாதம் கழித்துத்தான் இரண்டு வீட்டுக்கும் விஷயம் தெரிந்தது. துறைத்தலைவர் தாம்தூம் என்று குதித்தார். “இத்தனை வருஷம் செல்லைப் பிடிச்சாங்க, இப்ப என் பையனைப் பிடிச்சிருக்காங்க” என்று ஆய்வுக்கூடத்தில் நாலு பேர் முன்னால் சொன்னார். அவள் கையில் ஊசி இருந்தது. அன்று அதை அவர் மேல் குத்தாமல் விட்டதைத் தன் வாழ்நாளின் பெரிய பொறுமை என்று அவள் இன்றும் சொல்வாள்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அதே சமயத்தில்தான் அந்தத் திருகு விவகாரமும் நடந்தது.

ஊசியிலிருந்து வரும் மின்சாரம் திரைக்குப் போகும் வழியில் ஃபில்டர் என்று ஒரு பெட்டி உண்டு. தேவையில்லாத இரைச்சலைக் கழிக்கும். அதில் ஒரு திருகு. அதிகம் திறந்து வைத்தால் கோடு சிலிர்த்துக்கொண்டு வரும், ஆனால் எவ்வளவு வேகமாக எது நடந்தாலும் தெரியும். குறைத்து வைத்தால் கோடு வழவழவென்று வரும், வேகமாக நடப்பதெல்லாம் அதோடு கரைந்துபோகும். துறைத்தலைவர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் படம் தயார் செய்துகொண்டிருந்தார்.

“என்னம்மா கோடு இது, சவரம் பண்ணாத தாடை மாதிரி? திருகைக் கொறைங்க” என்றார்.

“கொறைச்சா வேகமா நடக்கறது தெரியாது சார்.”

“பாக்கறவங்களுக்குப் பளிச்சுனு இருக்கணும். கொறைங்க.”

பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். கோடு இஸ்திரி போட்டது போல வந்தது. மூன்றாம் நாள் அந்தக் கோடு மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் சரியாக நடுவில் போய் நின்றது. ஒருமுறை இல்லை, நூறுமுறை. துறைத்தலைவர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். நாலு பேரில் இரண்டு பேர் மட்டும் காலை விலக்கியிருக்கிறார்கள், சேனலுக்கு மூன்றாவது வடிவம் ஒன்று இருக்கிறது, யாருமே பார்க்காததை நாம் பார்த்துவிட்டோம் என்றார். ‘பாதித் திறப்பு’ என்று அங்கேயே பெயரும் வைத்தார்.

“சார், அது ஃபில்டர் பண்ற வேலை” என்றாள் அவள். “சேனல் படபடன்னு தெறந்து தெறந்து மூடுது. அதைத் தேச்சுத் தேச்சு நடுவுல நிக்கற மாதிரி காட்டுது. திருகைத் தெறந்து பாத்துடலாம்.”

“ஊசி இழுக்கறவங்க ஊசி இழுத்தா போதும்” என்றார் அவர், முகத்தில் அடித்தாற்போல்.

அப்போதே அவள் ரகளை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. காரணம் வெட்கக்கேடானது, ஆனால் நடந்தது அதுதான். கட்டுரையை ஒரு பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்ட வாரம், துறைத்தலைவர் தலைகால் புரியாத சந்தோஷத்தில் மகனின் கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டார். மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் போய், உன் மாமனார் கண்டுபிடித்தது சேனலை இல்லை, திருகை என்று எந்தத் தாய் சொல்வாள்? வாயை மூடிக்கொண்டாள். எரிந்துகொண்டேதான் மூடிக்கொண்டாள்.

ஆனால் ஒன்றை அவள் நிறுத்தவில்லை. கம்ப்யூட்டர் வராத காலத்தில், மின்சாரம் ஃபில்டருக்குப் போகும் முன்பே ஒரு ஒயரைப் பிரித்து டேப்பில் பதிவு செய்து வைப்பது எல்லோருக்கும் பழக்கம். மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை. மேசையின் ஓரத்தில் அந்தப் பழைய டேப் பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அது செத்துப்போன சாமான் என்று நினைத்து, துறைத்தலைவர் அதன் மேல்தான் தினமும் காபிக் கோப்பையை வைப்பார். கோப்பையின் வட்டத்தைத் துடைக்கும்போதெல்லாம் அவள் அவரைத் திட்டுவாள். அந்தப் பெட்டியில் பதிந்த டேப்புகள் எல்லாம், தேதி எழுதி, அவளுடைய இழுப்பறையில் இருந்தன.

இந்த வருஷம் குட்டு வெளிப்பட்டது. வேறெங்கோ இருந்த ஆய்வுக்கூடம் ஒன்று அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, பாதித் திறப்பு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை என்று கடிதம் எழுதியது. நிர்வாகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டது. விசாரணைக்கு மூன்று நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, துறைத்தலைவர் அவளைத் தம் வீட்டுக்குத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார். அவர் கூப்பிட்டதே அதிசயம். “சம்பந்தியம்மா” என்று கூப்பிட்டது அதைவிட அதிசயம்.

வரவேற்பறையில் எல்லோரும் இருந்தார்கள். மருமகன் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தான். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். துறைத்தலைவர் ஒரு தாளை நீட்டினார். தட்டச்சு செய்த கடிதம். எழுதியது அவளாம். ‘வயதின் காரணமாக என் கை சில காலமாக நடுங்குகிறது. ஊசிகள் சரியாக ஒட்டாமல் மின்கசிவு ஏற்பட்டது. அதனால் பதிவுகளில் பிழை நேர்ந்தது. இதைத் துறைத்தலைவருக்குத் தெரிவிக்கத் தவறிவிட்டேன்.’

அவள் இரண்டு முறை படித்தாள்.

“உங்களுக்கு இன்னும் பதினாலு மாசம்தானே சர்வீஸ்” என்றார் அவர். “யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. மெடிக்கல் லீவுன்னு போட்டுடலாம். எனக்குத்தான் எல்லாம் போயிடும். அப்புறம் இந்த வீட்டுல யாரு நிம்மதியா இருக்க முடியும், சொல்லுங்க?”

‘யாரு’ என்று சொல்லும்போது அவர் கண் மகள் நின்ற பக்கம் போய் வந்தது. கோபத்தில் அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. சம்பந்தியம்மா, அதாவது அவர் மனைவி, அதைக் கவனித்துவிட்டாள்.

“பாருங்க, நெஜமாவே நடுங்குது. கை நடுங்கறதெல்லாம் ஒரு குத்தமா? எல்லாருக்கும் வயசாகுது” என்றாள், ரொம்ப அக்கறையாக.

“நாளைக்குச் சொல்றேன்” என்று அவள் கடிதத்தோடு எழுந்துவிட்டாள்.

மகள் மாடிப்படியின் முதல் திருப்பம் வரை கூடவே வந்தாள். பக்கத்தில் வந்து, உன் கையைப் பற்றி அப்படி எழுத இவர்களுக்கு என்ன தைரியம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவள் எதிர்பார்த்தாள். எதிர்பார்த்தது அவள் தப்பு.

“அம்மா, போட்டுடேன். ஒரு கையெழுத்துதானே” என்றாள் மகள். “உனக்கென்ன, சாயங்காலம் ஆனா உன் வீட்டுக்குப் போயிடுவ. நான் தெனமும் இவங்க மூஞ்சியில முழிக்கணும்.”

“என் கை நடுங்கிப் பாத்திருக்கியாடி நீ?”

“இப்ப அதுவா பிரச்சினை?”

அதுதான் பிரச்சினை. அவளுக்கு வீடு வாடகை, படிப்பு பாதியில் நின்றது, புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. இந்த உலகத்தில் இது என்னுடையது என்று காட்ட அவளிடம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். கட்டுரையில் அவள் பெயர் இல்லை, அதற்கு அவள் கவலைப்பட்டதும் இல்லை. பாராட்டு வந்தபோது இல்லாத பெயர், பழி வரும்போது மட்டும் தட்டச்சில் அழகாக வந்திருக்கிறது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கடிதத்தை வைத்திருந்த கையை அவள் பார்த்துக்கொண்டே போனாள். நடுங்கவே இல்லை.

மறுநாள் துறைத்தலைவர் கண்ணால் கேட்டபோது, “குழுகிட்டயே குடுத்துடறேன் சார்” என்றாள். அவர் நிம்மதியாகச் சிரித்தார். டேப் பெட்டியின் மேல் கோப்பையை வைத்தார்.

விசாரணை, அவள் பதிவெடுக்கும் அறையிலேயே நடந்தது. குழுவின் தலைவி வேறொரு நிறுவனத்திலிருந்து வந்த அம்மாள். குரலில் ஈரப்பசையே இல்லை. மற்ற இருவரும் குறிப்பெடுத்தார்கள். துறைத்தலைவர், தம்முடைய பணியாளரின் உடல்நிலையைத் தாம் கவனிக்காமல் விட்டது தம் தவறுதான் என்று உருக்கமாகத் தொடங்கினார்.

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று தலைவி அவளைக் கேட்டார்.

அவள் எழுந்து, டேப் பெட்டியின் மேலிருந்த காபிக் கோப்பையை எடுத்துத் துறைத்தலைவரின் கையில் கொடுத்தாள். இழுப்பறையைத் திறந்து மூன்று வருஷத்துக்கு முந்தைய டேப் ஒன்றை எடுத்தாள். அதைப் பெட்டிக்குள் செருகும்போது விரல்கள் ஆடின.

“பாத்தீங்களா, பாத்தீங்களா” என்றார் துறைத்தலைவர்.

“கோவம் வந்தா நடுங்கும் சார். ஊசியைப் புடிச்சா நடுங்காது” என்றாள். தலைவியின் பக்கம் திரும்பினாள். “கை நடுங்கினாலோ ஊசி ஒழுகினாலோ கோடு மொத்தமா அலையும்மா. கரெக்டா பாதியில போய் நிக்காது. இது கட்டுரையில வந்த அதே பதிவு. அதே தேதி. ஃபில்டருக்கு முன்னாடி எடுத்தது.”

முதலில் திருகைக் குறைத்து ஓட்டினாள். வழவழவென்று கோடு வந்தது. மேலே, கீழே, அப்புறம் நடுவில் போய் நின்றது. கட்டுரையின் முதல் படம் அப்படியே இருந்தது. டேப்பைப் பின்னால் சுற்றி, திருகை முழுக்கத் திறந்து, அதே இடத்தை மறுபடி ஓட்டினாள். கோடு சிலிர்த்தது. நடுவில் நின்ற இடத்தில் இப்போது நடுவென்று ஒன்றுமில்லை. மேலே, கீழே, மேலே, கீழே என்று கோடு அடித்துக்கொண்டது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் இரண்டு மூன்று முறை. நாலு பேரும் காலை அகட்டுகிறார்கள், சேர்க்கிறார்கள், அகட்டுகிறார்கள். இருப்புக் கொள்ளாத வடிவங்கள் இரண்டே இரண்டு. மூன்றாவது கிடையாது.

அவள் திருகை மூடினாள், பாதி வந்தது. திறந்தாள், பாதி போனது. தேவையே இல்லாமல் இன்னும் இரண்டு முறை செய்து காட்டினாள். அதில் அவளுக்கு ஒரு குரூரமான சந்தோஷம் இருந்தது. துறைத்தலைவர் கையில் கோப்பையோடு பேயறைந்த மாதிரி நின்றார்.

“திருகைக் கொறைக்கச் சொன்னது யாரு?”

“சார்.”

“மூணு வருஷமா இந்த டேப் உங்ககிட்ட இருந்திருக்கு. ஏன் சொல்லலை?” தலைவியின் குரலில் அவளுக்காகவும் இரக்கம் இல்லை.

இதற்கு ஒரு சப்பைக்கட்டு பதில் அவளிடம் இருந்தது. ஆனால் வாயிலிருந்து வேறு வந்தது. “அப்ப என் பொண்ணுக்கும் இவர் பையனுக்கும் கல்யாணப் பேச்சு நடந்துட்டிருந்துது. சொன்னா நின்னுடும்னு வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்பு. ஆனா என் கை நடுங்கலை.”

குறிப்பெடுத்தவர்கள் அதையும் குறித்துக்கொண்டார்கள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. துறைத்தலைவர் விடுப்பில் போனார், அப்புறம் பதவியிலிருந்தும் போனார். அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆய்வுக்கூடத்தில் யாரும் அவளைப் பாராட்டவில்லை. சம்பந்தி குடியைக் கெடுத்தவள் என்று சாப்பாட்டு அறையில் பேசிக்கொண்டார்கள், அவள் உள்ளே வந்தால் நிறுத்திக்கொண்டார்கள். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஊசி இழுத்தாள். கை கல் மாதிரி நின்றது.

மகளிடமிருந்து ஒரே ஒரு அழைப்பு வந்தது. “என் கல்யாணத்தை ஏன்மா அங்க இழுத்த? இப்ப இந்த வீட்டுல என்னைப் பாத்து என்ன சொல்றாங்க தெரியுமா? உன் அம்மா வாயை மூடினதுக்குக் கூலியா வந்தவ நீன்னு சொல்றாங்க” என்றாள். பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். பிறகு மூன்று வாரம் எடுக்கவில்லை.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவளே போனாள். மாடியேறி மணியை அடித்தாள். மகள்தான் திறந்தாள். அந்த வீட்டுக் கதவின் மேலே, அதைத் தானாக மூடிவிடும் ஸ்பிரிங் ஒன்று பூட்டியிருந்தது. பிடிக்காவிட்டால் படாரென்று சாத்திக்கொள்ளும். மகள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சாண் இடைவெளி.

“யாரு?” என்று உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

மகள் ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தாள். “இப்ப வேண்டாம்மா” என்று மெதுவாகச் சொன்னாள். கண் சிவந்திருந்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அவள் அந்தக் கதவைப் பார்த்தாள். பார்க்கிறவர்களுக்கு அது பாதி திறந்து நின்றது. அவளுக்கு அப்படித் தெரியவில்லை. மேலே பூட்டிய ஸ்பிரிங் மூடப் பார்த்தது, மகளின் கை திறக்கப் பார்த்தது. கதவின் விளிம்பு விரலளவு போய் விரலளவு வந்துகொண்டிருந்தது. கதவைப் பிடித்த விரல்கள் நடுங்கின.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஏச்சு எதுவும் வாயில் வரவில்லை.

“சாத்திக்கோ” என்றாள். “கை வலிக்கப் போவுது.”

திரும்பிப் படியிறங்கினாள். முதல் திருப்பம் வந்தது, இரண்டாவது திருப்பமும் வந்தது. கடைசிப் படியில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். கதவு சாத்தும் சத்தம் இன்னும் வரவில்லை.